நாற்பது புத்தகங்களும் இரண்டாயிரம் பிரதிகளும்

1920-இல் நெல்லைச் சீமையிலிருந்து பாரதி தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து அச்சிடப் போகிறேன். ஒவ்வொன்றும் முதல் பதிப்பு 10,000 பிரதிகள். ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். ஓரிரண்டு வருஷத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் நிகர லாபம் நிச்சயம் — இதுதான் சாரம். கடிதம் கிடைத்தவர் குறைந்தது 100 ரூபாயாவது கடனாக அனுப்ப வேண்டும், தம்மைப் போல இன்னும் 20 பேரையாவது சேர்த்துவிட வேண்டும். கடனுக்கு முத்திரையிட்ட புரோநோட்டு உண்டு, மாதம் 2 சதவீதம் வட்டி உண்டு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்கிற மாதிரி தம் புத்தகங்கள் தமிழ்நாட்டில் விற்றுப் போகும் என்பது அவர் நம்பிக்கை.

இந்தக் கடிதத்தை நம் விமர்சகர்கள் இரண்டு விதமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஒன்று, கண்ணீர் விடுவது: பார், தமிழன் தன் கவிஞனைக் கைவிட்டான். இன்னொன்று, செல்லமாகச் சிரிப்பது: பார், கவிஞனுக்குக் கணக்குத் தெரியவில்லை. இரண்டிலும் கடிதத்தைப் படிக்கிற வேலை நடப்பதில்லை. பகலில் பாங்கில் கடன் மனுக்களைப் பார்ப்பது என் பிழைப்பு. அந்தப் பழக்கதோஷத்தோடு இதையும் ஒரு கடன் மனுவாகவே படித்துப் பார்த்தேன்.

கணக்கு தப்பில்லை. நாற்பது புத்தகம், பத்தாயிரம் பிரதி என்றால் மொத்தம் 4 லட்சம் பிரதிகள். 20,000 ரூபாயை அதற்குப் பங்கிட்டால் பிரதிக்கு முக்கால் அணாவுக்குச் சற்று மேல் வரும். அந்தப் பணத்தில் ஒரு புத்தகம் அடங்காது. ஆனால் அவர் சொல்வது ஆரம்பச் செலவு. முதல் சில புத்தகங்கள் விற்று வருகிற பணத்தில் அடுத்தவை அச்சாகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி விலை எட்டணா என்று நாமே வைத்துக்கொண்டால் மொத்த வரவு 2 லட்சம். அதில் ஒன்றரை லட்சம் நிற்குமா என்பது காகித விலையையும் கடைக்காரன் கமிஷனையும் பொறுத்தது. ஆனால் ஆகாசத்திலிருந்து பிடுங்கிய எண் அல்ல. 200 பேர் ஆளுக்கு 100 தந்தால் 20,000. பத்துப் பேர் மட்டும் கடிதத்தில் சொன்னபடி நடந்து ஆளுக்கு இருபது பேரைப் பிடித்திருந்தால் 210 பேர், 21,000 ரூபாய். வட்டி மாதம் 400. நூறு ரூபாய் தந்தவனுக்கு மாதம் இரண்டு ரூபாய். இதைப் போட்டவருக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

பத்தாயிரம் என்ற எண்ணிலும் பைத்தியக்காரத்தனம் இல்லை. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் எதிர்க் கட்சிக்காரராக இருந்தும், பாரதியின் பாட்டுகளைச் சின்னப் பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக விநியோகித்தார். தன் பாட்டு பதினைந்தாயிரம் பிரதியாக ஜனங்களிடம் போனதைக் கண்ணால் பார்த்த மனிதர், பதின்மூன்று வருஷம் கழித்துப் பத்தாயிரம் என்று எழுதுகிறார். ஒன்றே ஒன்றை அவர் மறந்தார், அல்லது மறக்க விரும்பினார்: அந்தப் பதினைந்தாயிரம் இலவசம்.

எந்தப் பாங்கும் இந்த மனுவை நிராகரித்திருக்கும். ஆனால் நிராகரிப்பதற்கான காரணம் முக்கியமானது. விற்பனை மதிப்பீடு அதிகம் என்பதற்காக அல்ல. அதை எல்லோருமே அதிகமாகத்தான் போடுகிறார்கள். எங்கள் கிளைக்கு வருகிற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் மூன்றாவது வருஷம் லாபம் ஒரே சாய்மானத்தில் ஏறும். அப்பளம் போடுகிறவனுக்கும் ஏறும், ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனுக்கும் ஏறும். எல்லாவற்றையும் ஒரே ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒரே கம்ப்யூட்டரில் பெயரை மாற்றி எடுத்துத் தருகிறான். ஒரு தடவை ஒரு அச்சகக்காரரின் மனுவில் நடுப்பக்கத்தில் மாவு மில்லின் மின்சாரச் செலவு கிடந்தது. அவரிடம் கேட்டேன். அவர் அதைப் படித்ததே இல்லை. "நான் எதுக்கு சார் படிக்கணும், நீங்க கேக்கறதுக்குத்தானே அது" என்றார். திட்டம் என்கிற சொல்லுக்கு இன்று நம்மிடையே இருக்கிற அர்த்தத்தை அந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். செய்கிறவன் தனக்காகப் போடுவதல்ல, கேட்கிறவனுக்காகப் போடுவது. பாரதியின் கடிதத்தில் இந்தப் பொய் கிடையாது. அவர் அதை முழுதாக நம்பினார். பாங்க்காரனைப் பயமுறுத்துவது இந்த நம்பிக்கைதான்; பொய்யைச் சமாளிக்க எங்களிடம் படிவங்கள் இருக்கின்றன.

நிராகரிக்கிற காரணம் வேறு: ஜாமீன் இல்லை, கடன்காரரின் உயிரைத் தவிர. 1920 முடிகிற சமயம் பாரதி சென்னைக்கு வந்து மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். 1921 செப்டம்பரில், நாற்பது வயதுகூட ஆகாமல், அங்கேயே இறந்தார். அந்த இருநூறு பேரும் பணம் அனுப்பியிருந்தால், கெடு வரும் சமயத்தில் புரோநோட்டில் கையெழுத்திட்டவர் இல்லை. கடன் வாரிசுகள் மேல் வந்திருக்கும், அதாவது அவர் விட்டுப்போன சொத்து அளவுக்கு. சொத்து என்ன? கையெழுத்துப் பிரதிகளும் அவற்றின் உரிமையும். இருநூறு கடன்காரர்கள் செல்லம்மாவின் வாசலில் நின்று 'பாஞ்சாலி சபத'த்தின் மேல் பாத்தியதை கேட்கிற காட்சியை யோசித்துப் பார்க்கலாம். அந்த உரிமை பின்னால் கை மாறிக் கை மாறி, 1949-இல் சென்னை அரசு வாங்கி, பிறகு பொதுவுடைமையான கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். இருநூறு பேர் கடன் கொடுத்திருந்தால் அந்தக் கதை எப்படிப் போயிருக்குமோ. கைவிட்ட நண்பர்களைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒழுக்கவியல் கேள்வி எழுகிறது. ஒரு பெரிய வேலையைத் தொடங்குமுன் போடுகிற திட்டம் எந்த விதமான வாக்கு? அது நிறைவேறாவிட்டால் போட்டவன் பொய் சொன்னவனா? யாரிடம்?

வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை'யை அரசியலில் வைத்தார். 'வினைசெயல்வகை'யை அமைச்சியலில் வைத்தார். இல்லறத்திலோ துறவறத்திலோ வைக்கவில்லை. இந்த வைப்பு முறையை உரைகாரர்கள் வேறு விதமாக விளக்கலாம். எனக்குப் படுகிற காரணம் எளிமையானது: அரசனும் அமைச்சனும் பிறர் பொருளையும் பிறர் உயிரையும் செலவழிக்கிறவர்கள். தன் பொருளை மட்டும் இழக்கக்கூடியவன் திட்டமில்லாமல் தொடங்கினால் அது அவன் இஷ்டம். பிறன் நூறு ரூபாயைத் தொட்ட நிமிஷத்தில் திட்டம் ஒழுக்க விஷயமாகிவிடுகிறது. கவிஞன் புரோநோட்டு எழுதும்போது அமைச்சியலுக்குள் நுழைகிறான்.

இதை இப்படியே நிறுத்தினால் தீர்ப்பு சுலபம். நான் கிளார்க்காகவே எழுதி முடித்துவிடலாம். அப்படி முடிக்கவிடாமல் தடுப்பது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்கு நடை தூரத்தில் இருக்கிற இன்னொரு தெரு.

பிள்ளையார் கோயில் தெரு. 19-ஏ என்ற எண்ணுள்ள வீட்டிலிருந்து 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' முதல் இதழைக் கொண்டு வந்தார். முதல் இதழிலேயே ஒரு அறிவிப்புச் செய்தார்: 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப் போவதில்லை. தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் இதற்கு முன் யாராவது தன் விற்பனைக்கு உச்சவரம்பு கட்டித் தொடங்கியிருக்கிறார்களா? பாரதி போட்டது பத்தாயிரம் என்ற தரை; செல்லப்பா போட்டது இரண்டாயிரம் என்ற கூரை. அந்தக் கூரையில் யாருடைய தலையும் இடிக்கவில்லை. எழுத்து அந்த எண்ணிக்கையை நெருங்கவே இல்லை. ஆனால் 119 இதழ்கள் வந்தன. கடைசியில் காலாண்டிதழாகி 1970 வரை வந்தது. அதிலிருந்து 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக அந்த மனிதர் அலைந்தார். நம்மில் பலர் இன்று எழுதுகிற கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அந்த 119 இதழ்கள் கடைக்கால்.

பாங்க்காரனுக்குப் பிடிக்க வேண்டிய திட்டம் இதுதான். தன் கை எவ்வளவு நீளம் என்று அளந்து அதற்குள் கோடு போட்டுக்கொண்டது. யாருக்கும் வட்டி சொல்லவில்லை, லாபம் சொல்லவில்லை. சந்தாதாரன் தன் பணத்துக்கு அடுத்த மாதமே இதழைக் கையில் பெற்றான். ஒரு இதழ் நின்று போனாலும் அதற்கு முந்தின இதழ் முழுமையானது. மாத இதழ் என்ற அமைப்பின் பலம் இது. ஒவ்வொரு மாதமும் வேலை முடிந்துவிடுகிறது, ஒவ்வொரு மாதமும் தொடங்குகிறது. நாற்பது புத்தகத் திட்டத்திலோ நாற்பதும் ஒரே மூச்சில் ஒரே கடனில் கட்டப்பட்டிருக்கின்றன. 20,000 சேராவிட்டால் முதல் புத்தகமும் இல்லை.

இதைச் சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செல்லப்பாவின் கூரை அவருக்கு ஒரு தற்காப்பு. வியாபாரப் பத்திரிகைகளின் லட்சங்களுக்கு எதிரான ஒரு கோபமும்கூட. அவருக்குப் பின் வந்த நமக்கோ அது பழக்கமாகிவிட்டது. முன்னூறு பிரதி அச்சடிக்கிறோம். நூற்றைம்பது நண்பர்களுக்குப் போகிறது. மீதி யாராவது ஒருவர் வீட்டுப் பரணில். மூன்றாவது இதழோடு நின்றால், நின்றதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதுகிறோம். குறைந்த பிரதி என்பது ஒரு நிலைமை என்பது போய் ஒரு தகுதி ஆகிவிட்டது. தோல்வியை முதலிலேயே திட்டத்துக்குள் போட்டுவிட்டால் பிறகு தோற்க வழியில்லை. இது நாணயமான கணக்குப் போலத் தோன்றும், வாசகன்மேல் வைத்த அவநம்பிக்கையைத்தான் நாணயம் என்று எழுதிக்கொள்கிறோம். பாரதி அந்தக் கடிதத்தில் முகம் தெரியாத நாலு லட்சம் கைகளை நம்பினார். அவர் சொன்ன எண்ணிக்கைக்கும் மேலே அவர் புத்தகங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தன, பல மடங்கு. மண்ணெண்ணெய் விற்பது நின்ற பிறகும் விற்கின்றன. விற்பனை மதிப்பீட்டில் தவறு இல்லை. தவணைத் தேதியில்தான் தவறு. இந்த மாதிரித் தவறுக்கு எங்கள் படிவத்தில் பத்தி இல்லை.

அதே பிள்ளையார் கோயில் தெருவில் இன்னொரு வீடும் இருந்தது: 'தியாகராச விலாசம்', உ.வே. சாமிநாதையர் வாழ்ந்தது. 2012-இல் இடித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச இது இடமல்ல, பேசினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். நமக்கு வேண்டியது அவர் எப்படித் தொடங்கினார் என்பது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரை என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்குகிறார். அதனால் என்ன பிரயோஜனம், சிந்தாமணி படித்ததுண்டா என்கிற மாதிரி அவர் கேட்கிறார். அவ்வளவுதான் திட்டம். ஒரு அவமானம், ஒரு புத்தகம். அது சமண நூல், சமணர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளே இறங்கிய பிறகு தெரிந்தது. ஏழு வருஷம் ஆயிற்று. கையொப்பம் சேர்த்து, 1887-இல் 'சீவக சிந்தாமணி' அச்சில் வந்தது. 1889 பத்துப்பாட்டு, 1892 சிலப்பதிகாரம், 1894 புறநானூறு. முன்கூட்டி 'சங்க இலக்கியப் பதிப்புத் திட்டம்: உத்தேசச் செலவு இவ்வளவு' என்று அவர் ஒரு சுற்றுக் கடிதம் எழுதியிருந்தால்? பாதி நூல்களின் பெயரே அப்போது அவருக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததற்குத் திட்டம் போட முடியாது. ஆனால் அவர் ஒழுங்கில்லாமல் வேலை செய்யவில்லை. பிரதிபேதங்களைக் குறித்தார், மேற்கோள்களுக்கு அகராதி தயாரித்தார், உரையில் வருகிற நூல் பெயர்களை எல்லாம் பட்டியல் எடுத்தார். அந்தப் பட்டியல்கள்தாம் அடுத்த நூலுக்கு வழிகாட்டின. வேலை செய்து செய்து அதன் ஓரத்தில் திட்டம் ஊறி வந்திருக்கிறது.

ஸ்தாபனம் போடுகிற திட்டம் எப்படிப் போகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் 1913-இல் சாண்ட்லர் துரை பொறுப்பில் தொடங்கியது, உத்தேசம் 1 லட்சம் ரூபாய். 1936-இல் வையாபுரிப் பிள்ளை காலத்தில் ஆறு தொகுதிகள் முடிந்தன, அனுபந்தம் 1939-இல். செலவு 4 லட்சத்துப் பத்தாயிரம். நாலு மடங்கு. எங்கள் மொழியில் இது பெருந்தோல்வி. ஆனால் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு அது நம் மேஜை மேல் இருக்கிறது. அந்த உத்தேசத்தைப் போட்டவர்களைப் பொய்யர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஜான்சனும் 1747-இல் தம் அகராதிக்குத் திட்டம் வெளியிட்டு மூன்று வருஷத்தில் முடிப்பதாக நினைத்து 1755-இல்தான் முடித்தார். பணம் ஸ்தாபனத்தினுடையது, ஆள் மாறினாலும் வேலை மாறாது என்கிறபோது கெடு மீறுவது ஒரு பாவமாகத் தெரிவதில்லை. தனி மனிதனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஜான்சனுக்குப் பதில் இன்னொரு ஜான்சன் கிடைக்கமாட்டார்.

வர்ட்ஸ்வர்த்தின் விஷயம் இன்னும் விசித்திரமானது. 1798 வாக்கில் கோல்ரிட்ஜின் தூண்டுதலில் 'தி ரெக்ளூஸ்' என்ற மகா தத்துவக் காவியத்துக்குத் திட்டம் போட்டார். 1814-இல் அதன் ஒரு பகுதியை வெளியிட்டபோது, மொத்தத்தையும் ஒரு பெரிய தேவாலயமாகவும், தாம் ஏற்கனவே எழுதி வைத்திருந்த தன் வரலாற்றுக் கவிதையை அதன் முன்மண்டபமாகவும் உருவகித்தார். தேவாலயம் எழும்பவே இல்லை. அவர் இறந்த வருஷம், 1850-இல், அந்த முன்மண்டபம் மட்டும் 'தி ப்ரெலூட்' என்ற பெயரில் வெளிவந்தது. இன்று ஆங்கிலம் படிக்கிறவன் படிப்பது அதைத்தான். மகா காவியத்தை எழுதத் தனக்கு யோக்யதை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவே அதை எழுதினார். பெரிய திட்டம் இல்லாவிட்டால் அந்தச் சோதனை இல்லை. நிறைவேறாத திட்டத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு. ஆனால் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. முன்மண்டபமும் எழுதாத திட்டக்காரர்கள் எத்தனையோ பேர்.

அவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு நேரம் இதைப் பற்றிப் பேசுகிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தமிழ் நாவலில் பணம் எப்படி நடமாடுகிறது என்பது பற்றி ஒரு விமர்சன நூல். பதினான்கு அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, உட்தலைப்பு, எந்த நாவலில் எந்த இடம் என்ற குறிப்பு. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டு முடித்தேன். அன்றைக்கு ராத்திரி நண்பர்களிடம் சொன்னேன். அவர்களும் நல்ல திட்டம் என்றார்கள். அந்த சந்தோஷம் வாஸ்தவமானது. ஒரு புத்தகத்தை முடித்த சந்தோஷம். புத்தகத்துக்கு உரியதை நோட்டு முன்பணமாக வாங்கிக்கொண்டுவிட்டது. அதன் பிறகு முதல் அத்தியாயத்தின் நாலு பக்கம் எழுதினேன். திட்டத்தில் இரண்டு திருத்தம் செய்தேன். மறுபடி நோட்டைப் புதிதாக நகல் எடுத்தேன், இந்தத் தடவை இரண்டு நிற மையில். நான் யாரிடமும் நூறு ரூபாய் வாங்கவில்லை. வள்ளுவர் கணக்குப்படி நான் அமைச்சியலுக்குள் வரவில்லை. ஆனால் நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். அவர்களுடைய மரியாதையைக் கடன் வாங்கியிருக்கிறேன், வட்டியில்லாமல்.

என் நோட்டையும் பாரதியின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் முகத்தில் அடிக்கிறது. அவருக்கு வேலை முடிந்துவிட்டது. பெட்டியில் கையெழுத்துப் பிரதி இருந்தது. பன்னிரண்டு வருஷத்து உழைப்பு என்பது அவர் போட்ட கணக்கு. அச்சுதான் மிச்சம். 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-இல் அச்சாகிவிட்டது. இரண்டாம் பாகம் பெட்டியில் காத்திருந்தது. நாட்டைச் சூதில் வைத்த இடம் வரை தெரிந்த வாசகனுக்குச் சபதம் தெரியாது. அவர் போட்டது எழுதுகிற திட்டமே அல்ல. என்னிடம் இருப்பது தொடக்கம் மட்டும். அவரிடம் இல்லாதது தொடக்கம் மட்டும்.

அப்படியென்றால் அவர் ஏன் ஒரு புத்தகத்துக்கு மட்டும் கேட்கவில்லை? பாங்க்காரனாக நான் அவரிடம் சொல்லியிருப்பது இதைத்தான்: ஐயா, நாற்பதில் ஒன்றை எடுங்கள், ஆயிரம் பிரதி போதும், சில நூறு ரூபாயில் முடியும், ஐந்தாறு நண்பர்கள் போதும். அது விற்ற கணக்கைக் காட்டி இரண்டாவதுக்குக் கேளுங்கள். முன்மாதிரியும் இருந்தது. பரலி சு. நெல்லையப்பர் 1917-இல் 'கண்ணன் பாட்டை' அப்படித்தான் தனியாக எடுத்து வெளியிட்டார், பெரிய பண வசதி இல்லாத அவரே. அது நடந்தது.

இந்த யோசனை சரியானது என்று எனக்கு நிச்சயம். அதை அவரிடம் சொல்லியிருக்க முடியாது என்பதும் நிச்சயம். பத்து வருஷம் அந்நிய எல்லைக்குள் அடைபட்டு, 1918 நவம்பரில் வெளியே காலெடுத்து வைத்தவுடன் கைதாகி, விடுதலையாகி மாமனார் ஊரில் ஒதுங்கியிருந்த மனிதர் அவர். ஒன்று ஒன்றாகக் கேட்பதற்கு முன்னால் காலம் இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அது இருக்கிறது. இரண்டாம் தேதி, மூன்றாம் தேதி என்று அவன் வாழ்க்கையே தவணையில் ஓடுகிறது. செல்லப்பாவுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் அந்தத் தவணை நிதானம் எப்படியோ இருந்தது. பாரதி மொத்தமாகக் கேட்டது அவருடைய கணக்கறியாமை அல்ல. நாற்பதில் எதை முதலில் எடுப்பது, எதைக் காக்க வைப்பது என்று தீர்மானிக்க மனம் வராதவனின் அவசரம் அது. ஒன்றைத் தேர்ந்தால் முப்பத்தொன்பதைத் தள்ளிவைக்க வேண்டும். திட்டம் போடுகிறவன் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்தத் தள்ளிவைப்பு. என் பதினான்கு அத்தியாயத்தில் ஒன்றைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பாரதிக்குச் சமம்.

நண்பர் ஒருவரிடம் இந்தக் கட்டுரையின் விஷயத்தைச் சொன்னபோது, "அப்போ அவர் கடன் கேட்டது சரியா தப்பா, அதைச் சொல்லு" என்றார். கேட்டது சரி. கொடுக்காதவர்களும் துரோகிகள் அல்ல. ஆனால் நூறு ரூபாயை மாதம் இரண்டு சதவீத வட்டிக்கு என்று நினைத்துக் கணக்குப் பார்த்துக் கொடுக்காமல் இருந்தவன், தான் படித்தது ஒரு கடன் மனு என்று நினைத்துவிட்டான். பாரதி வட்டியைச் சொன்னது நண்பர்களின் கௌரவத்தைக் காப்பாற்ற, தன் கௌரவத்தையும் காப்பாற்ற. யாசகம் என்று சொல்லக்கூடாது என்பதற்காக வியாபாரம் என்று சொன்னார். வியாபாரம் என்று சொன்னதால் வியாபாரமாகவே படிக்கப்பட்டது. நானும் இந்தக் கட்டுரையின் முதல் பாதியில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

1922-இல் செல்லம்மா பாரதி, 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் திருவல்லிக்கேணியிலிருந்தே வெளியீட்டைத் தொடங்கினார். பட்டியலில் நாற்பது இருந்தது; அவர் எடுத்தது 'சுதேச கீதங்கள்', இரண்டு பாகம். பிறகு பாரதி பிரசுராலயம் வந்தது. 'பாஞ்சாலி சபத'த்தின் இரண்டாம் பாகம் 1924-இல் வெளியாயிற்று. முதல் பாகம் வாங்கிப் படித்தவன் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தான்.